வேலியைத் தாண்டிய பந்து: போல்டன் எதிர் ஸ்டோன் (1951)

1947 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. மான்செஸ்டர் நகரின் சீத்தம் ஹில் பகுதியில் பெக்கன்ஹாம் ரோடு என்றொரு சின்னத் தெரு. அங்கே குடியிருந்த மிஸ் ஸ்டோன் வீட்டை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றிருந்தார். பக்கத்து மைதானத்தில் சீத்தம் கிரிக்கெட் கிளப்பின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. விருந்தினராக வந்த அணியின் பேட்ஸ்மேன் ஒருவர் நேராகத் தூக்கி அடித்த பந்து வேலிக்கு மேலே பறந்து வந்து அவர்மேல் விழுந்தது. பலத்த காயம். மிஸ் ஸ்டோன் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுகளுக்குள் அது மூன்று நீதிமன்றங்களைப் பார்த்துவிட்டது. முதல் இடத்தில் தோற்றார், அடுத்த இடத்தில் ஜெயித்தார். கடைசியில், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவையில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்.

ஒருவர் இழைத்த தீங்குக்கு நட்டஈடு கேட்பதைப் பற்றிய தீங்கியல் சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கை ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்: ஆபத்து மிகச் சிறியது என்றால் அதைத் தடுக்காமல் விட்டது கவனக்குறைவு ஆகாது. வரி தப்பில்லை. ஆனால் எந்த ஆபத்தை அளந்தார்கள், எதை வைத்துச் சிறியது என்றார்கள், தடுப்பதற்கு ஆகும் செலவை அதில் சேர்த்தார்களா என்ற மூன்றையும் விட்டுவிட்டால் அடுத்த வழக்கிலேயே அந்த வரி காலை வாரிவிடும். இது எல்லைக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் வழக்கு அல்ல என்று அந்த ஐவரில் ஒருவரான ரீடு பிரபுவே தீர்ப்பில் சொல்லி வைத்திருக்கிறார். ஐந்துக்குப் பூஜ்ஜியம் என்ற கணக்கைப் பார்த்துப் பலர் அதைக் கவனிப்பதில்லை.

யார் மீது வழக்கு, எதற்காக

பந்தை அடித்தவர் பிரதிவாதி இல்லை. கிரிக்கெட் ஆட வந்தவர் சிக்ஸர் அடித்தது தப்பா என்ற கேள்வியே எழவில்லை. கிளப்பின் கமிட்டியும் உறுப்பினர்களும்தான் பிரதிவாதிகள்; வழக்கின் பெயரில் உள்ள போல்டன் அவர்களில் ஒருவர். மைதானத்தை வைத்திருப்பவர்கள், ஆட்டத்தை ஏற்பாடு செய்பவர்கள், வெளி அணியை வரவழைப்பவர்கள் அவர்கள். அப்படியானால் வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பவர்களைப் பற்றி யோசிக்க வேண்டியவர்களும் அவர்களே என்பது வாதி தரப்பு. பிட்ச்சைத் தெருவுக்கு மிகப் பக்கத்தில் அமைத்தார்கள், வேலியைப் போதிய உயரத்துக்குக் கட்டவில்லை, பந்து தெருவுக்குப் போகாமலிருக்க வேறு எதுவும் செய்யவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். கூடவே நியூசன்ஸ் (பிறருக்குத் தொல்லை விளைவித்தல்) என்ற தலைப்பிலும் கேட்டிருந்தார்கள். கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டால் அந்தத் தலைப்பு தனியாக நிற்காது என்று பிரபுக்கள் அவையில் வாதி தரப்பே ஒப்புக்கொண்டதால் அதை இங்கேயே விட்டுவிடலாம்.

ஆங்கிலச் சட்டத்தில் கவனக்குறைவு வழக்கு ஜெயிக்க, பிரதிவாதிக்குக் கவனக் கடமை இருந்தது, அதை அவர் மீறினார், அந்த மீறலால்தான் தீங்கு வந்தது என்று காட்ட வேண்டும். அந்தத் தீங்கு எங்கோ தொலைவில் நிற்கும் விளைவாகவும் இருக்கக் கூடாது. இங்கே கடமை பற்றிப் பெரிய சண்டை இல்லை. நம் செயலால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று நாம் நியாயமாக எதிர்பார்க்க முடியுமோ அவர்கள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் நம் அயலார் என்று 1932-ல் டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் அட்கின் பிரபு சொல்லிவிட்டார். வேலிக்கு வெளியே நிற்கிறவரை விட நெருங்கிய அயலார் யார்? காயம் பந்தால் வந்தது என்பதிலும் தகராறு இல்லை. மொத்த வழக்கும் நடு அம்சத்தில், கடமை மீறப்பட்டதா என்பதில், தொங்கியது.

மைதானம்

இந்த வழக்கில் அளவுகள்தான் சாட்சி. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அந்த இடத்தில் சுமார் 1864 முதல் கிரிக்கெட் ஆடப்பட்டு வந்தது. பெக்கன்ஹாம் ரோடு வந்தது 1910-ல்தான். தெருவை வகுத்தபோது, வீடு கட்டியவர் கிளப்போடு பேசி அந்தப் பக்கம் ஒரு சின்னத் துண்டு நிலத்தை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒரு துண்டைக் கொடுத்தார். நிலம் மாறியது, பிட்ச் மாறவில்லை. பெவிலியனுக்கு நேரே, பழைய மைதானத்தின் நடுக்கோட்டிலேயே அது தொடர்ந்தது. விளைவு, நேராக அடிக்கும் பந்துக்கு எதிர்முனையை விட பெக்கன்ஹாம் ரோடு சில கெஜம் பக்கத்தில் வந்துவிட்டது. வாதி தரப்பு பிட்ச் பற்றிச் சொன்ன குறை இங்கிருந்து வருகிறது.

வேலி 7 அடி. ஆனால் மைதானம் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டே போகும் சரிவு என்பதால் வேலியின் உச்சி பிட்ச்சின் மட்டத்திலிருந்து சுமார் 17 அடி மேலே இருந்தது. பேட்ஸ்மேன் நின்ற இடத்திலிருந்து வேலிக்கு ஏறக்குறைய 78 கெஜம். மிஸ் ஸ்டோன் நின்ற இடத்துக்கு 100 கெஜத்துக்குச் சற்றுக் குறைவு. இன்றைய மட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது என்ன பெரிய அடி என்று கேட்கத் தோன்றும். 1947-ன் மட்டையோடு, கிளப் மட்டத்து ஆட்டத்தில், இது நிஜமாகவே பெரிய அடி. கிளப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்த ஒருவர், அந்த மைதானத்தில் தான் பார்த்த எதோடும் ஒப்பிட முடியாத அடி என்பதைச் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் எண்ணிக்கை. நீண்ட நாள் உறுப்பினர்களின் கணக்குப்படி, முப்பது ஆண்டில் பந்து தெருவில் போய் விழுந்தது ஆறிலிருந்து பத்துத் தடவை. அதற்கு முன் தெருவில் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர் வேறு மாதிரிச் சொன்னார்: கடந்த சில ஆண்டுகளில் மட்டும் ஐந்தாறு முறை பந்து தன் வீட்டில் பட்டிருக்கிறது அல்லது முற்றத்தில் விழுந்திருக்கிறது. அவர் வீடு மிஸ் ஸ்டோன் நின்ற இடத்தை விட மைதானத்துக்கு நெருக்கம் என்பதால் அந்தச் சாட்சியம் ஓரங்கட்டப்பட்டது. எனக்கு இந்த வழக்கில் திருப்தி இல்லாத இடம் இதுதான். கீழே வருகிறேன்.

இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு விடைகள்

மான்செஸ்டரில் வழக்கை விசாரித்த நீதிபதி ஆலிவர், கிளப்பின் மேல் தப்பில்லை என்று தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டுக்கு ஒன்று என்று அது கவிழ்ந்தது. சிங்கிள்டன், ஜென்கின்ஸ் இருவரும் மிஸ் ஸ்டோன் பக்கம், சோமர்வெல் மாறுபட்டார்.

பெரும்பான்மையின் நியாயம் எளிது, கேட்டதும் மனசுக்குப் படுவது. பந்து முன்பே தெருவுக்குப் போயிருக்கிறது. கிளப்புக்கு அது தெரியும். இன்னொரு நாள் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரு என்றால் ஆள் நடமாடும். ஆகவே ஒருவர்மேல் படலாம் என்பது எதிர்பார்க்கக்கூடிய விஷயம். எதிர்பார்க்கக்கூடியதைத் தடுக்காதது மீறல். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடினால், ‘எதிர்பார்க்கக்கூடியது’ என்பதிலிருந்து ‘தடுத்தே ஆக வேண்டும்’ என்பதற்கு நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது. அந்தப் படியைப் பற்றியதுதான் 1951 மே 10 அன்று வந்த பிரபுக்கள் அவைத் தீர்ப்பு.

ஐந்து பிரபுக்கள்

போர்ட்டர், நார்மண்ட், ஓக்சி, ரீடு, ராட்கிளிஃப். முடிவு ஒன்று, வழி தனித்தனி.

ஓக்சி பிரபுவின் உரை சுருக்கமானது. சாதாரணமாகக் கவனமாக நடக்கிற மனிதர் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வோர் ஆபத்துக்கும் முன்னேற்பாடு செய்துகொண்டிருப்பதில்லை; நடக்க நியாயமான வாய்ப்புள்ள ஆபத்துக்குத்தான் செய்கிறார் என்றார். கிராமத்துச் சாலையில் நாயைக் கூட்டிப் போகிறவர் மோட்டார் சைக்கிள்காரர் யாராவது விழுந்துவிடுவாரோ என்று எந்நேரமும் கயிற்றிலேயே பிடித்துக்கொண்டு போவதில்லை, கார் சறுக்கி மேலே ஏறிவிடும் என்று பயந்து யாரும் சாலையில் நடக்காமல் இருப்பதில்லை என்று உதாரணம் வைத்தார். இந்த ரகப் பேச்சுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. காருக்குள் பூட்டி வைத்த நாய் துள்ளிக் கண்ணாடியை உடைத்து, சில்லு தெறித்து, அந்த வழியே போனவரின் கண் போன வழக்கு ஒன்று 1932-ல் வந்தது. நியாயமான சாத்தியங்களுக்குத்தான் காவல், விசித்திரக் கற்பனைகளுக்கு இல்லை என்கிற அர்த்தத்தில் டனெடின் பிரபு அப்போது தீர்ப்புச் சொன்னார்.

சீத்தம் வழக்கு அந்த ரகம் அல்ல. பந்து தெருவில் விழுவது விசித்திரக் கற்பனை இல்லையே. ஆறு தடவையாவது நடந்திருக்கிறது. இதை நேர்மையாக எடுத்துப் பேசியவர் ரீடு. இப்படி ஒரு விபத்து நடக்கலாம் என்பது சுலபமாக எதிர்பார்க்கக்கூடியதே என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் தன் கேள்வியை வைக்கிறார்: தெருவில் இருப்பவருக்கு அடிபடும் ஆபத்து, பாதுகாப்பை மட்டும் மனதில் வைத்து யோசிக்கும் ஒரு நியாயமான மனிதர் எதுவும் செய்யாமல் விடுவது சரியே என்று நினைக்குமளவுக்குச் சிறியதா? நெருக்கடியான இன்றைய வாழ்க்கையில் எவ்வளவு கவனமானவரும் சில ஆபத்துகளை உண்டாக்காமலும் சிலவற்றை ஏற்காமலும் இருக்க முடியாது. கணிசமான ஆபத்தை உண்டாக்கக் கூடாது என்பதே கோடு.

அதை அளக்க இரண்டை எடுத்துக்கொள்ளலாம் என்றார்: ஒருவர்மேல் படும் வாய்ப்பு எவ்வளவு, பட்டால் காயம் எவ்வளவு கடுமையாக இருக்கும். மூன்றாவதாக ஒன்றை வேண்டாம் என்றார். தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கணக்கில் சேர்ப்பது சரியாகாது; கணிசமான ஆபத்தை உண்டாக்காமல் ஒரு மைதானத்தில் கிரிக்கெட் ஆட முடியாது என்றால் அங்கே கிரிக்கெட்டே ஆடக் கூடாது. இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மட்டும் நம்பி மற்ற கிளப்புகள் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்த மைதானத்தில் ஆபத்து மிகமிகச் சிறியது என்ற ஒரே காரணத்தால் கிளப்புக்குச் சாதகமாக முடிக்கிறார். கிரிக்கெட் ரசிகர்கள் கொண்டாடிய தீர்ப்பில் கிரிக்கெட்டுக்கு இவ்வளவு கடுமையான ஒரு வாசகம் இருப்பது வேடிக்கைதான்.

ராட்கிளிஃப் பிரபு நாலே வரியில் முழு விஷயத்தையும் பிளந்து வைத்துவிட்டார். தாங்கள் நடத்திய விளையாட்டால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த காயத்துக்குக் கிளப் ஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்னால் அதில் எந்த அநியாயமும் எனக்குத் தெரியவில்லை என்றார். ஆனால் கவனக்குறைவுச் சட்டம் எது நியாயம் என்பதை விட எது கண்டிக்கத்தக்கது என்பதைத்தான் பார்க்கிறது. கிளப் செய்ததிலோ செய்யாமல் விட்டதிலோ கண்டிக்கத்தக்கதாக எதையும் என்னால் காண முடியவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த இடத்தில் ஒரு நியாயமான மனிதர் மைதானத்தைக் கைவிட்டிருக்கவும் மாட்டார், வேலியை உயர்த்தியிருக்கவும் மாட்டார். கிளப் செய்ததையே செய்திருப்பார், அதாவது ஒன்றுமே செய்திருக்க மாட்டார்.

எதை எண்ணினார்கள்

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் பிரபுக்கள் அவைக்கும் நடுவில் உண்மைகள் மாறவில்லை. எண்ணப்பட்ட பொருள் மாறியது. முன்னது, பந்து மைதானத்தை விட்டு வெளியே போகும் வாய்ப்பைப் பார்த்தது. முப்பது ஆண்டில் ஆறு என்றால் ஐந்தாண்டுக்கு ஒன்று, பத்து என்றால் மூன்றாண்டுக்கு ஒன்று. அபூர்வம்தான், ஆனால் வரும் என்று நிச்சயமாகச் சொல்லலாம். பிரபுக்கள் அவை பார்த்தது வேறு: வெளியே போன பந்து ஒரு மனிதர்மேல் படும் வாய்ப்பு. பெரிய அளவில் ஆள் புழங்காத தெரு. பந்து அதைக் கடக்க ஆகும் நேரம் நொடிக் கணக்கு. அந்த நொடியில், அந்தக் குறிப்பிட்ட இடத்தில், ஒருவர் இருக்க வேண்டும். முதல் சின்ன எண்ணை இரண்டாவது சின்ன எண்ணால் பெருக்கினால் மிகமிகச் சின்ன எண் கிடைக்கிறது.

சட்டப்படி இரண்டாவது அளவே சரி என்று நானும் நினைக்கிறேன். காலித் தெருவில் பந்து விழுவதால் யாருக்கும் தீங்கில்லை. கவனக் கடமை மனிதர்களுக்காக, பந்துகளுக்காக அல்ல. ஆனால் பெருக்கும்போது இரண்டு எண்களும் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டாமா? உறுப்பினர்கள் எண்ணியது தெருவில் விழுந்ததாக அவர்கள் நினைவில் இருந்தவற்றை. முற்றத்தில் பந்து விழுந்தவர் தன் வீட்டளவில் சில ஆண்டுகளிலேயே ஐந்தாறு கண்டிருக்கிறார். வீடு நெருக்கமானது என்பது உண்மை. ஆனால் அங்கே இருப்பதும் வேலிக்கு வெளியே வாழும் மனிதர்களே. மிஸ் ஸ்டோன் நின்ற புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆபத்தை அளப்பதா, வேலியின் நீளம் முழுக்க அந்தப் பக்கம் இருக்கும் எல்லாருக்குமான ஆபத்தை அளப்பதா? கிளப் வேலி கட்டும்போது யோசிக்க வேண்டியது இரண்டாவதை அல்லவா? அப்படி அளந்திருந்தால் கிளப் தோற்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ‘மிகமிகச் சிறியது’ என்பதை அத்தனை சுலபமாக எழுதியிருக்க முடியாது.

எண் மாறினால் விடை மாறும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கென்ட் கடலோரத்தில் ஒரு கோல்ஃப் மைதானம். அதன் பதின்மூன்றாவது டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) அடிக்கும் பந்துகள் பக்கத்துச் சாலைக்கு அடிக்கடி போகும். ஒருநாள் ஒரு டாக்ஸியின் முன்கண்ணாடியில் பட்டு, சில்லு தெறித்து, டிரைவர் ஒரு கண்ணை இழந்தார். 1922-ல் அவர் ஜெயித்தார். 1961-ல் இன்னொன்று: சாலையோரப் புல்வெளியில் சிறுவர்கள் கால்பந்து ஆடுவதை நிலத்துக்குச் சொந்தமான கம்பெனி கண்டும் விட்டிருந்தது. பந்து சாலைக்குப் போய், மோட்டார் சைக்கிளில் வந்தவர் விழுந்து இறந்தார். கம்பெனி பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. காற்றடைத்த கால்பந்து கிரிக்கெட் பந்தைப் போல ஆளைக் காயப்படுத்தாது. ஆனால் சாலையின் போக்குவரத்தும், பந்து வெளியே போகும் எண்ணிக்கையும் வேறு.

காயத்தின் கடுமை என்ற மற்ற எடைக்கல்லுக்கு, சீத்தம் தீர்ப்புக்கு ஐந்து மாதம் முன் அதே அவையில் வந்த பாரிஸ் எதிர் ஸ்டெப்னி வழக்கைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கண் பார்வையில்லாத காரேஜ் தொழிலாளி, போல்ட் ஒன்றைச் சுத்தியலால் அடித்தபோது உலோகச் சில்லு நல்ல கண்ணில் பாய்ந்து முழுப் பார்வையும் போனது. சில்லு தெறிக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒற்றைக் கண்ணருக்கு அதன் விலை வேறு, அதனால் அவருக்காவது பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருக்க வேண்டும் என்று மூன்றுக்கு இரண்டில் தீர்ப்பு வந்தது. அந்த மூவரில் நார்மண்டும் ஓக்சியும் உண்டு. இரண்டு தீர்ப்பையும் சேர்த்து வாசித்தால் இவர்கள் கையில் இருந்த தராசு தெளிவாகத் தெரியும்.

1966: ரீடு தன் தீர்ப்பைத் தானே வாசிக்கிறார்

பதினைந்து ஆண்டு கழித்து, சிட்னி துறைமுகத்தில் வேகன் மவுண்ட் என்ற கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் தீப்பிடித்த வழக்கு, ஆஸ்திரேலிய மேல்முறையீடுகளையும் அப்போது விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இரண்டாவது முறையாக வந்தது. தண்ணீர்மேல் மிதக்கும் கனத்த எண்ணெய் பற்றிக்கொள்வது அபூர்வம். ஆனால் நடக்காது என்று சொல்ல முடியாது. சின்ன ஆபத்து என்றால் விட்டுவிடலாம் என்பதுதானே சீத்தம் வழக்கு என்று கப்பல் தரப்பு சொல்லாமல் இருக்குமா? தீர்ப்பு எழுதியவர் அதே ரீடு.

அந்த வழக்கு அப்படிச் சொல்லவில்லை என்றார். சின்ன ஆபத்தானாலும், அது நிஜமான ஆபத்து என்றால், நியாயமான மனிதர் அதைப் புறக்கணிக்க ஏதாவது தகுந்த காரணம் வேண்டும். உதாரணமாக, நீக்குவதற்கு ஏகப்பட்ட செலவாகும் என்பது. கிரிக்கெட் ஆடுவது சட்டப்படி சரியான காரியம், கிளப்புக்குக் காரணம் இருந்தது. துறைமுகத்தில் எண்ணெய் கொட்டுவதற்கு என்ன காரணம்? அது குற்றம், கொட்டுகிறவருக்கும் பண நட்டம், நிறுத்துவதும் சுலபம். கப்பல் தரப்பு தோற்றது.

முடிவு சரி. ஆனால் 1951-ல் தடுப்பதன் கஷ்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றவர், 1966-ல் செலவைத் தகுந்த காரணமாக உள்ளே கொண்டுவருகிறார். இரண்டையும் ஒட்டவைக்கப் பாடப்புத்தகங்கள் ஒரு வழி சொல்லும்: ஆபத்து கணிசமானது என்றால் கஷ்டம் ஒரு சாக்கு அல்ல; சின்னது என்றால்தான் செலவு பேசும். பாதி உண்மை. 1951-ல் அவர் கேட்ட கேள்வியே, புறக்கணிக்கத் தகுந்த அளவுக்குச் சின்னதா என்பது. அந்த இடத்தில்தான் கஷ்டத்தைச் சேர்க்காதே என்றார். எனக்குத் தோன்றுவது, அவர் மனம் மாறியது. அதை மாற்றம் என்று சொல்லாமல் விளக்கம் என்று சொன்னார். பிற்கால நீதிமன்றங்கள் 1966-ன் பக்கமே சாய்ந்தன. 2003-ல் செஷயர் ஏரியில் குதித்துக் கழுத்தொடிந்த இளைஞரின் வழக்கில் ஹாஃப்மன் பிரபு, வாய்ப்பு, கடுமை, அந்தச் செயலின் சமூகப் பயன், தடுப்பதற்கு ஆகும் செலவு எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தினார். சீத்தம் வழக்கை இன்று மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கையும் அதன்மேல் ஏற்றித்தான் காட்டுகிறார்கள்.

லின்ட்ஸ் கிராமம்

1977-ல் டர்ஹம் பகுதியின் லின்ட்ஸ் கிராமத்துக் கிளப்பின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறியது. எழுபது ஆண்டுபோல ஆட்டம் நடந்த மைதானம். 1972-ல் ஓரத்தில் புது வீடுகள். பந்து ஓட்டில் விழுகிறது, தோட்டத்தில் விழுகிறது. கிளப் வேலியை 14 அடி 9 அங்குலத்துக்கு உயர்த்தியது. காற்றுக்கு நிற்காது என்பதால் அதற்குமேல் முடியவில்லை. உடைந்ததற்கெல்லாம் பணம் தருகிறோம் என்றது. 1975-ல் மட்டும் ஆறு சிக்ஸர் வேலியைத் தாண்டிக் குடியிருப்புக்குள் போனது. சீத்தத்தில் முப்பது ஆண்டுக்குச் சொன்ன எண் இங்கே ஒரே சீசனில்!

டென்னிங் பிரபு கோடைக்காலக் கிராமத்துக் கிரிக்கெட்டைப் புகழ்ந்து ஒரு கவிதை மாதிரி தீர்ப்பைத் தொடங்கினார். கிளப்பின் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றார். எழுத்து அழகு, சட்டம் பலவீனம். மற்ற இரு நீதிபதிகளான ஜெஃப்ரி லேனும் கமிங்-புரூஸும் கவனக்குறைவும் உண்டு, நியூசன்ஸும் உண்டு என்றார்கள். ஆனால் ஆட்டத்தை நிறுத்தும் தடையாணை என்று வந்ததும் கமிங்-புரூஸ் டென்னிங்கோடு சேர்ந்துகொண்டு மறுத்துவிட்டார். கிடைத்தது 400 பவுண்டு நட்டஈடு.

இதில்தான் ராட்கிளிஃப் விட்டுச்சென்ற பிளவுக்கு ஒரு நடைமுறை விடை தெரிகிறது. ஆடு, ஆனால் அடிபட்டவருக்குக் கொடு. சீத்தத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. கவனக்குறைவு இல்லையென்றால் ஒரு பென்னியும் இல்லை. விபத்தில் காயம்பட்டவருக்கு யார் தப்பு என்று கேட்காமலே ஈடு கொடுக்கும் பொதுத் திட்டத்தை நியூசிலாந்து 1974-ல் தொடங்கியது. அங்கே ஒரு மிஸ் ஸ்டோனுக்கு முப்பது ஆண்டின் சிக்ஸர் கணக்கு தேவைப்பட்டிருக்காது. இங்கிலாந்து போனது எதிர்த்திசையில். 2006-ன் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் பிரிவு, ஒரு முன்னெச்சரிக்கையைக் கட்டாயமாக்கினால் விரும்பத்தக்க செயல் ஒன்று நின்றுபோகுமா என்பதை நீதிமன்றம் பார்க்கலாம் என்கிறது. கணிசமான ஆபத்து இருந்தால் அங்கே கிரிக்கெட்டே வேண்டாம் என்ற ரீடின் வாசகத்துக்கு இதோடு ஒத்துப்போவது சிரமம்.

இன்று இதே மாதிரி ஒரு வழக்கு வந்தால் வாதியின் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது கிளப்பின் ஸ்கோர் புத்தகங்களையும், அக்கம்பக்கத்தார் எழுதிய புகார்க் கடிதங்களையும். அடுத்து, வேலியின் அந்தப் பக்கம் உள்ள ஒவ்வொரு வீட்டுக்காரரையும் சாட்சியாக அழைக்க வேண்டும். முற்றத்தில் பந்து விழுந்தவரை ஒற்றை ஆளாக நிறுத்தியதால்தான் அவரை ‘வேறு இடம்’ என்று தள்ளிவிட முடிந்தது.